துரை மன்னிப்புக் கேட்ட பதினொரு தெருக்கள்

“அதிகம் பேசாத சாரதி தேவை” என்றுதான் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் போட்டிருந்தார்கள். அதை வாசித்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கதிரையெல்லாம் கொட்டியது.

“இஞ்சேருங்கோ, இது உங்களுக்கெண்டே போட்டிருக்கினம். ஓடிப் போங்கோ!”

ஓடித்தான் போனேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்ணில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் தாதி வேலை. நான் அவளோடு கூட வந்த பெட்டிகளில் ஒன்று. பெட்டிகளாவது உதவும் என்பாள். ஊரில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மிச்சத்தை யாழ்ப்பாணத்து ஒலிபெருக்கிக் கடை ஒன்று படிப்பித்தது. கலியாணம், திருவிழா, தேர்தல் எது வந்தாலும் காருக்கு மேலே குழாயைக் கட்டிக்கொண்டு உள்ளே இருந்து மைக்கில் அறிவிக்கிறவன் நான். ஆங்கிலம் வானொலிச் செய்தியில் பொறுக்கியது. அகப்பட்ட ஆட்களோடெல்லாம் பேசிப் பேசித் தீட்டியது.

கல்லால் கட்டிய வீடு, ஒரு மூலையில் கோபுரம் வேறு. கதவைத் திறந்தவருக்கு ஆறடிக்கு மேல் உயரம். முழங்கை தேய்ந்து தோல் ஒட்டுப் போட்ட கம்பளிச் சட்டை.

“கார் ஓட்டுவீரா?”

“ஓம், சேர்.”

“பேசுவீரா?”

“கேட்டால் பேசுவன், சேர்.”

“நான் கேட்க மாட்டேன்” என்றார். வேலை கிடைத்துவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். இந்தக் கதையில் வீட்டுக்கு வெளியே எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படி எழுதுகிறேன். அவருடைய பேச்சு எனக்கு எப்போதும் இலக்கணத் தமிழாகவே கேட்டது. மற்ற எல்லோரும், பின்னால் வரப்போகிற இத்தாலிக்காரர் ஒருவர் உட்பட, என் காதுக்கு யாழ்ப்பாணத்தார்தான்.

அவர் விக்டோரியா மாநிலப் பாராளுமன்ற உறுப்பினர். இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் மூன்றாவது மகன் செம்மறி ஆடுகளோடு கப்பலேறி வந்தாராம், அந்த வம்சம். என் மனைவி அவருக்கு முதல் நாளே ‘துரை’ என்று பெயர் வைத்தாள். கண்ணில் புரை விழுந்து, ஒரே மாதத்தில் அயலாரின் தபால் பெட்டிகள் இரண்டைக் காரால் சாய்த்தபிறகுதான் அவர் சாரதி தேடியிருக்கிறார்.

பேசமாட்டேன் என்ற மனிதரா அவர்! மூன்றாவது வாரம், மல்கிரேவ் என்ற புறநகர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று தொடங்கினார்.

“இந்தத் தெரு முழுவதும் என் பாட்டனாரின் மேய்ச்சல் நிலம்.”

இரண்டு பக்கமும் புத்தம் புதிய செங்கல் வீடுகள். புல் முளைக்காத முற்றங்கள். மூன்று சில்லுச் சைக்கிள்கள்.

“அதுக்கு முதல் ஆருடைய நிலம், சேர்?”

அவர் ஜன்னல் வழியே அந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு தெரு தாண்டியபின், “அது சரியான கேள்வி. என் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை” என்றார்.

அன்றுமுதல் கார் ஏறினால் கதைதான். ஏழு வயதில் விடுதிப் பள்ளிக்கூடம். அங்கே குளிர்காலத்திலும் பச்சைத் தண்ணீர்க் குளிப்பு. பிறகு இங்கிலாந்தில் பல்கலைக்கழகம்.

“என்ன படிச்சனீங்கள், சேர்?”

“படகு வலித்தேன்” என்றார்.

பிறகு யுத்தம், பாலைவனம், தோளில் ஒரு குண்டுத் துண்டு. திரும்பி வந்தபோது தகப்பனார் ஓய்வு பெற, தகப்பனாரின் மேலங்கியை மாட்டிக்கொள்வது போல அவருடைய ஆசனத்தையும் மாட்டிக்கொண்டார். மசோதா எது வந்தாலும் கடைசிக் காற்புள்ளி வரை வாசித்துவிட்டுத்தான் கை உயர்த்துவார். பேச்சு குறைவு. அவர் எழுந்து பேசினால் சபைக் கடிகாரம்கூட மரியாதைக்காக மெல்ல ஓடும் என்று எதிர்க்கட்சிக்காரர் பகிடி பண்ணுவார்களாம். அதை அவரே சொல்லிச் சிரித்தார்.

ஒருமுறை மந்திரியாகவும் இருந்திருக்கிறார், பதினான்கு மாதம்.

“ஏன் சேர் விட்டனீங்கள்?”

“விடவில்லை. எடுத்துவிட்டார்கள்.”

கிழக்கே போகிற சின்ன ரயில் பாதை ஒன்றை மூடிவிட அவருடைய கட்சியே முடிவு செய்ததாம். மூட விடமாட்டேன் என்று அந்தப் பாதையின் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். எதிர்க்கட்சியோடு சேர்ந்து கை உயர்த்தினார். ரயில் தப்பியது, மந்திரிப் பதவி தப்பவில்லை.

நான் காரை ஓரமாக நிற்பாட்டிவிட்டேன். “சேர்! அந்த ரெயினிலதானே இஞ்ச பாதிச் சனம் வேலைக்குப் போகுது! இதை ஆருக்காவது சொன்னனீங்களோ?”

“எதற்குச் சொல்வது? செய்தாயிற்றே.”

தேர்தல் வந்தது. அவருடைய தொகுதி முன்பு ஆடும் புல்லுமாக இருந்தது. இப்போது எல்லை மாற்றி, அந்தப் புதிய செங்கல் வீடுகளை எல்லாம் அதில் சேர்த்துவிட்டார்கள். எதிரே நின்றவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். சுறுசுறுப்பான மனிதர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் தெரியும். துரையின் கட்சிக் கிளைக்கு முத்துமாலை போட்ட ஓர் அம்மா செயலாளர். அவர் வந்து மேசையில் தாளை விரித்து, “ஆசனம் கைநழுவுது, ஐயா. வீடு வீடாப் போய்க் கேளுங்கோ” என்று மன்றாடினார்.

“என் பெயர் தாளில் இருக்கும். விரும்பினால் போடுவார்கள்” என்றார் துரை. “எங்கள் குடும்பத்தில் ஒருவரும் எதையும் கேட்டதில்லை.”

அன்று காரில் வரும்போது மட்டும் மெல்லிய குரலில் சொன்னார்: “பாட்டனார் ஆசனத்திலிருந்தபடியே இறந்தார். தந்தையார் ஓய்வு பெற்றார். என்னைத்தான் வெளியே தள்ளப்போகிறார்கள். மூன்று தலைமுறையில் முதல் ஆள்.” ஆறடி மனிதர் பின் ஆசனத்தில் நாலடியாகத் தெரிந்தார். எனக்குத் தாங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு வேட்பாளரை நாங்கள் விடுவோமா? அங்கே தேர்தலென்றால் வாழை கட்டி, கொடி கட்டி, ஊரே இரண்டாகி நிற்கும். ஒரு வீட்டுக்கு வேட்பாளர் வராவிட்டால் அந்த வீட்டுக்காரர் மூன்று வருஷம் முகம் கொடுக்கமாட்டார். இங்கே என்னடா என்றால் வாக்குப் போடாதவனுக்குத் தண்டம் அறவிடுகிறார்கள். வாக்குக் கேட்கவேண்டியவரோ மேலங்கிப் பையில் கையை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்!

அந்த வாரம் உள்ளூர்க் கால்பந்துக் கழகத்துக்குப் போய் அவர்களுடைய ஒலிபெருக்கிக் குழாயை இரவல் கேட்டேன்.

“என்னத்துக்கு?”

“ஒரு சின்ன அறிவித்தல்.”

தந்துவிட்டார்கள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை. துரைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய பழைய கறுப்புக் காரின் தலையில் நைலோன் கயிற்றால் குழாயைக் கட்டி, பற்றரியில் கம்பியைக் கொழுவி, மைக்கில் ஊதிப் பார்த்தேன். ஆகா! எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தம்! இடது கையில் மைக், வலது கையில் ஸ்ரியரிங், முதல் கியரில் உருட்டினேன்.

“அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! தாய்மாரே, தந்தைமாரே! உங்கள் ரயிலைக் காப்பாற்றிய வீரர்! மந்திரிப் பதவியைத் தூக்கி எறிந்த தியாகி! உங்கள் பொன்னான வாக்குகளை...”

சத்தியமாக இதையேதான் ஆங்கிலத்தில் சொன்னேன். ‘பொன்னான’ உட்பட.

சனம் வாசலுக்கு வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரிலும் இப்படித்தான், குழாய்ச் சத்தம் கேட்டால் படலைக்கு ஓடி வருவார்கள். எல்லோரும் இரவு உடுப்போடு நின்று கையை ஆட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன். ஒருவர் ஏதோ எறிந்தார். அது குழாயில் பட்டு ‘டங்’ என்றது. பூமாலையாக்கும் என்று நினைத்தேன். செருப்பு.

அப்போதாவது விளங்கியிருக்கவேண்டும். விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏழரைக்குச் சனம் இரண்டு தரம் தேத்தண்ணி குடித்து முடித்திருக்கும். இங்கே ஐந்து நாள் தொழிற்சாலையில் அடிபட்டு, சனி கொண்டாடி, ஞாயிறு காலையை மனிதர்கள் தங்கத்தைப்போலப் பொத்தி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்? நாய்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து குரைக்க, பதினொரு தெருவையும் முடித்துவிட்டு வெற்றி வீரனாகத் திரும்பினேன்.

கோபுர வீட்டு வாசலில் துரை கழுத்துப்பட்டியோடு நின்றார். பக்கத்தில் செயலாளர் அம்மா. முத்துமாலை மூச்சில் ஏறி ஏறி இறங்கியது.

“ரெலிபோன் வைக்க வைக்க அடிக்குது! பொலிசிலயிருந்தும் எடுத்தாச்சு!” என்று கத்தினார். “மூண்டு கிழமையில தேர்தல்! எல்லாத்தையும் ஒரு காலமையில கவிட்டுக் கொட்டிப்போட்டார் உங்கட டிரைவர்!”

கார்ச் சாவியைத் துரையிடம் நீட்டினேன். “என்ர பிழை, சேர். நான் போறன்.”

அவர் சாவியை வாங்கவில்லை. காரின் தலையில் இருந்த குழாயையே பார்த்தார்.

“எத்தனை தெரு?”

“பதினொண்டு, சேர்.”

“என் காரில் போனீர். என் பெயரைச் சொன்னீர். அப்படியென்றால் அவர்களை எழுப்பியது நான்தான்.” உள்ளே போய்த் தொப்பியோடு வந்தார். “ஒருவரின் தூக்கத்தைக் கெடுத்தால் நேரில் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். குழாயைக் கழற்றும். நடந்து போகலாம்.”

“வீட்டுக்கு வீடோ? ஏசுவினம், ஐயா!” என்றார் செயலாளர்.

“ஏசட்டும். அவர்களுக்கு உரிமை இருக்கிறது.”

வாக்குக் கேட்க ஒரு கதவைத் தட்டாத மனிதர் மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டுவிட்டார்! நான் பின்னாலே ஓடினேன். கோட்டுப் பைக்குள் ஒரு கட்டு வாக்குச் சீட்டு மாதிரிகளைத் திணித்துக்கொண்டுதான். இங்கே எங்கள் ஊரைப்போல ஒரு பெயருக்கு மட்டும் பெருக்கல் குறியாகப் புள்ளடி போடுவதில்லை. எல்லாப் பெயருக்கும் எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போடவேண்டும். அதை எப்படிப் போடுவதென்று காட்டும் துண்டுகள் அவை.

முதல் வீடு. கதவு திறந்தது. காலில் ஒரே ஒரு செருப்போடு ஒருவர்.

துரை தொப்பியைக் கழற்றினார். “இன்று காலை உங்களை எழுப்பியவன் நான். மிகவும் வருந்துகிறேன்.” என்னிடம் கையை நீட்டினார். குழாய்க் கயிற்றில் சிக்கி வந்த மற்றச் செருப்பைக் கொடுத்தேன். அதை அவர் வீட்டுக்காரரிடம் இரண்டு கையாலும் ஒப்படைத்தார்.

மனிதர் செருப்பைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். “நல்லா எறிஞ்சனான், என்ன?”

“மிகத் துல்லியம்” என்றார் துரை.

அந்தச் சிரிப்பில் நான் மெல்ல ஒரு துண்டை உருவினேன். துரையின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. படலை தாண்டியதும், “வேண்டாம். மன்னிப்புக் கேட்கிற வாயால் வேறொன்றும் கேட்கக்கூடாது” என்றார். துண்டெல்லாம் என் பையிலேயே கசங்கின.

எத்தனை கதவு, எத்தனை வாய்! இரவு வேலை முடித்து அப்போதுதான் படுத்த ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “நீர் சொன்ன அந்தத் தியாகி இவரோ? நான் ஏதோ செத்துப்போனவர் எண்டெல்லோ நினைச்சன்” என்றார். குழந்தையோடு வந்த தாய் ஐந்து நிமிஷம் ஏசினாள். துரை தலை குனிந்து கேட்டார். ஏச்சு முடிந்தபிறகும் நின்றார். அவளுக்கே ஒரு மாதிரியாகி, “ஞாயிற்றுக்கிழமையில பஸ்ஸும் இல்லை, தெரியுமோ?” என்று வேறு கதைக்குப் போனாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன்: “சேர், குடிக்க ஏதும் தந்தால் மறுக்கக்கூடாது. மறுத்தால் மன்னிப்பு ஏறாது.” அது எங்கள் ஊர்ச் சட்டம். அவர் அதைப் பாராளுமன்றச் சட்டம் போலக் கடைப்பிடித்தார். இரண்டாவது தெரு முடிய ஏழு தேத்தண்ணி, இரண்டு எலுமிச்சைத் தண்ணி, ஒரு பியர்.

மூன்றாவது தெருவில் தக்காளிப் பந்தல் போட்ட இத்தாலிக்காரர் வீடு. அவர் குசினிக்குள்ளே இருத்திக் கறுப்புக் கோப்பி தந்தார். துரையின் முகம் வெளுத்தது. கால் மாற்றி இருந்தார். மறுபடி கால் மாற்றி இருந்தார். கடைசியில் எழுந்து, காது சிவக்க, “ஐயா... உங்கள் கழிப்பறையை... நான் பாவிக்கலாமா?” என்றார்.

அவர் தன் வாழ்க்கையில் இன்னொரு மனிதனிடம் கேட்ட முதல் உதவி அதுவாகத்தான் இருக்கும்.

“இதுக்குப் போய் ஏன் இப்பிடி முழிக்கிறியள்?” என்று இத்தாலிக்காரர் அவருடைய தோளில், குண்டுத் துண்டு பட்ட அதே தோளில், பளாரென்று தட்டினார். “இந்த நடையால உள்ளுக்குப் போங்கோ. இடப்பக்கம் ரெண்டாவது கதவு!”

திரும்பி வந்த துரை வேறு ஆள். முகமெல்லாம் வெளிச்சம். தக்காளிக்கு என்ன பசளை என்று விசாரித்தார். வெளியே வந்து, “கேட்டேன். தந்தார். அவ்வளவுதான்!” என்று எனக்குச் சொன்னார், ஏதோ புதிய கண்டம் கண்டுபிடித்தவரைப் போல.

அன்று நான்கு தெரு. மிச்சம் ஏழு தெருவையும் அடுத்த வாரப் பின்னேரங்களில் முடித்தோம். கடைசித் தெருவின் கடைசி வீட்டில் ஓர் அம்மா, எழுபது வயதிருக்கும், கம்பி வலைக் கதவைத் திறக்காமலே கேட்டார்.

“அந்த ரெயின் கதை உண்மையோ?”

“உண்மைதான், அம்மணி.”

“நான் அந்த ரெயினில முப்பது வருஷம் வேலைக்குப் போய் வந்தனான். அதை ஏன் நீர் ஒரு நாளும் வந்து சொல்லேல்லை? காலமை ஏழரைக்கு ஒரு குழாய் வந்து எனக்குச் சொல்லவேணுமோ?”

அம்மா வலைக்கு இன்னும் கிட்ட வந்தார்.

“இப்பவும் மன்னிப்பு மட்டும்தான் கேட்கிறீர். என்ர வோட்டு உமக்கு வேண்டாமோ? அவ்வளவு பெரிய ஆளோ நீர்?”

என் கை பைக்குள் துண்டைத் தேடியது. துரை தொப்பியை விரல்களில் சுற்றினார்.

“வேண்டும்” என்றார். “எனக்கு உங்கள் வாக்கு மிகவும் வேண்டும். தருவீர்களா?”

“யோசிப்பம்” என்றுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

ஆனால் கேட்டுவிட்டார்! ஐயோ, நான் அந்த நடைபாதையில் துள்ளியதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்ட கதவுகளை விட்டுவிட்டு மற்றத் தெருக்கள் எல்லாம் போனார். “மன்னிப்புக் கடன் இல்லாத வீடுகள், இங்கே கேட்கலாம்” என்று கணக்கு வேறு. தட்டினார், கேட்டார், குடித்தார், கழிப்பறையும் கேட்டார்.

தேர்தல் சனிக்கிழமை முடிந்தது, முடிவு வரவில்லை. முதல் எண்ணிக்கையில் வாத்தியார் முன்னுக்கு. திங்கள் துரை முன்னுக்கு. புதன் தபால் வாக்குகள் வர மறுபடி வாத்தியார். வித்தியாசத்தை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாளில் நாலு தரம் ரெலிபோன் எடுத்தாள். “வார்ட்டில நோயாளியள் எல்லாம் என்னைக் கேக்கினம், துரை வெண்டிட்டாரோ எண்டு! கெதியா எண்ணச் சொல்லுங்கோ!”

இரண்டாவது வாரம் செவ்வாய் காலை பத்து மணி, தேவாலய மண்டபம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் விழாததால், மூன்றாவதாக வந்த இன்னொரு வேட்பாளரின் சீட்டுகளை எடுத்து, அவற்றில் இரண்டு என்ற இலக்கம் யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்த்துப் பிரித்தார்கள். அதிகாரி விரலில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தார். வாத்தியாருக்கு. துரைக்கு. துரைக்கு. வாத்தியாருக்கு. இரண்டு அடுக்கும் ஒரே உயரத்தில் ஏறின. செயலாளர் அம்மா முத்துமாலையைக் கடித்துக்கொண்டிருந்தார். துரை என் முழங்கையைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் நீலம் மாறவில்லை.

கடைசிச் சீட்டு. துரைக்கு. அடுக்கை மறுபடி எண்ணினார்கள். அதையும் மறுபடி எண்ணினார்கள். ஒரு கை விரல்கள் போதும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் துரையின் பக்கம்.

நான் கத்திய கத்தலில் மண்டபத்துக் கண்ணாடி அதிர்ந்தது, மைக் இல்லாமலே. வாத்தியார் வந்து துரைக்குக் கை கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “அடுத்த முறை அந்தக் குழாயை எங்களுக்கும் இரவல் தருவீரோ?” நல்ல மனிதர். கண் மட்டும் கலங்கியிருந்தது.

வெளியே வந்து நான் கார்க் கதவைத் திறந்தேன். துரை ஏறவில்லை.

“உங்கள் ஊரில் வென்றால் என்ன செய்வார்கள்?”

“வீடு வீடாப் போய் நன்றி சொல்லுவினம், சேர். மாலை போட்டு, வெடி கொளுத்தி, மேளத்தோட...”

“மேளம் வேண்டாம்” என்றார் அவசரமாக. “நடந்து போகலாம். பத்து மணிக்கு மேல்தானே இப்போது? எல்லோரும் எழுந்திருப்பார்கள்.”

போகிற வழி என்பதால் இத்தாலிக்காரர் வீட்டிலிருந்து தொடங்கினோம். அவர் கதவைத் திறந்தார். துரை தொப்பியைக் கழற்றி, தொண்டையைச் செருமி, நன்றி சொல்ல வாயெடுத்தார். அதற்கிடையில் மனிதர் பதறிப்போய் ஒதுங்கி வழி விட்டு, நடைப் பக்கம் கையை நீட்டினார்.

“ஓடுங்கோ, ஓடுங்கோ! இடப்பக்கம் ரெண்டாவது கதவு!”